சந்தைச் சுவரின் கைகள்

சித்தப்பா வரைந்த அந்தச் சுவரைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல்தான் வரும். சுவர் இப்போது இல்லை. கள்ளக்குறிச்சி மாட்டுச் சந்தையை வேறு இடத்துக்கு மாற்றியபோது இடித்துத் தள்ளிவிட்டார்கள். இடிக்கிற அன்றைக்கு வந்து பார் என்று உரக்கடையில் என்னோடு வேலை செய்தவர்கள் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. போய் என்ன ஆகப் போகிறது? எங்கள் வீட்டை வருஷக்கணக்காகத் தின்ற சுவர் அது.

அப்பா மாட்டுத் தரகர். தரகு வேலையில் வாய்க்கு வேலை கம்மி, கைக்குத்தான் ஜாஸ்தி. வாங்குகிறவன் கையையும் தரகர் கையையும் ஒரு துண்டு மூடியிருக்கும். உள்ளே விரலைப் பிடித்துப் பிடித்தே விலை பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் இரண்டு, கையை முழுதாகப் பற்றினால் ஐந்து. அது நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே இருவருக்கும் தெரியும். சுற்றி நிற்கிறவனுக்கு ஒரு மண்ணும் தெரியாது. வலக்கை துண்டுக்குள்ளே, இடக்கை மாட்டுக் கயிற்றில். எனக்கு நினைவு தெரிந்த நாளாக அப்பாவை அப்படித்தான் பார்த்திருக்கிறேன். கயிறு பிடித்துப் பிடித்து அந்த இடக்கை கோணிப்போய்விட்டது என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆள் முகம் மறந்தாலும் மறக்கும், விரல் மறக்காது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

சித்தப்பா அவருக்கு ஒரே தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அப்பாதான் தூக்கி வளர்த்தார். சித்தப்பா பெயிண்டர். கடைப் பலகை, லாரியின் பின்பக்கம், தேர்தல் வந்தால் சின்னம் என்று எந்த வேலை வந்தாலும் செய்வார். சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் ஒரே வாசலுக்குள் எங்களுக்கு இரண்டு வீடு. ஒன்றில் நானும் அப்பாவும். அம்மா நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். இன்னொன்றில் சித்தப்பாவும் சித்தியும். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

எல்லோருக்கும் சித்திதான் சமைத்தாள். ஆனால் அப்பா அவளுக்கு மூத்தார், அதாவது கணவனுக்கு அண்ணன். மூத்தார் முன்னால் நிற்கக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது என்பது எங்கள் வழக்கம். சோற்றுத் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். அப்பாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவர் காதில் விழும்படி என்னிடம் சொல்வாள். அவரும் என்னைப் பார்த்தே பதில் சொல்வார். நடுவில் நான் ஒருவன் தூண் மாதிரி நின்றுகொண்டிருப்பேன்.

எல்லாம் கெட்டது ஒரு சந்தை நாளில். ரிஷிவந்தியம் பக்கத்து ஆள் ஒருவரோடு அப்பா ஒரு ஜோடி மாட்டுக்கு விலை பேசிக்கொண்டிருந்தார். துண்டுக்குள்ளே பேரம் கனிந்துவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. அப்போது சித்தப்பா பெயிண்ட் டப்பாவும் கையுமாக வந்து நின்றார்.

“அண்ணே, வலத்து மாடு ஏர்ல பூட்டினா படுத்துக்கும்னு இவருக்குச் சொல்லிட்டியா?”

வெள்ளந்தியாகத்தான் கேட்டார். மனதில் ஒன்றும் வைத்துக் கேட்கவில்லை, அவர் சுபாவமே அப்படி. வாங்க வந்தவர் கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். அப்பா அந்தக் கையை விடாமல், கயிற்றை விட்டுவிட்டு, இடக்கையாலேயே சித்தப்பாவை ஓங்கி அறைந்தார். சந்தையே திரும்பிப் பார்த்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வெற்றிலையைக்கூட இடக்கையால் நீட்ட மாட்டார்கள். நாற்பது வயதைத் தொடப்போகிற மனுஷனை, ஊர் பார்க்க, இடக்கையால் அடித்தால் என்ன ஆகும்? சித்தப்பா கன்னத்தைக்கூடத் தடவவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அப்பாவின் கூட்டாளித் தரகர் ஒருவர் இருந்தார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சமாதானம் பேசினார். “வுடுப்பா. அடிக்கிற கைதான் அணைக்கும். நாளைக்கு நீயே போயி ஒரு வார்த்தை பேசு” என்றார்.

அப்பா போகவில்லை. பெரியவன் போய்ப் பேசுவதா என்ற வீம்பு. சித்தப்பாவும் பேச்சை விட்டுவிட்டார். ஒரே வாசல், ஒரே அடுப்பு, பேச்சு மட்டும் இல்லை.

அந்த வருஷம்தான் சந்தையின் சுற்றுச்சுவரில் படம் வரையச் சொல்லி சித்தப்பாவைக் கூப்பிட்டார்கள். மலைவாசிகள் சந்தைக்கு இறங்கி வருகிற காட்சி. சுவரின் வலக்கோடியில் கல்வராயன் மலை, இடக்கோடியில் சந்தை. நடுவில் நீளமாக ஜனங்கள். பலாப்பழம் சுமக்கிறவன், தேன் டின் வைத்திருக்கிறவள், கடுக்காய் மூட்டை, மரவள்ளிக் கட்டு, மாடு ஓட்டி வருகிறவர்கள். தை மாசி முழுதும் வரைந்தார். சந்தை கூடாத நாளாகப் பார்த்துத்தான் வேலை செய்தார். சந்தை நாளில் அப்பா அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். ஊரே நின்று பார்த்தது. அவர் மட்டும் திரும்பவில்லை.

பங்குனியில் வேலை முடிந்தது. மறுநாள் காலையில், சேலத்தில் பெயிண்ட் வாங்கி வருகிறேன் என்று சித்தியிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினார். அவ்வளவுதான். ஆள் திரும்பவில்லை. தூரிகைகள் மண்ணெண்ணெய் டப்பாவில் ஊறிக்கொண்டே இருந்தன. போலீஸில் எழுதிக் கொடுத்தோம். சேலத்துக்கும் ஆத்தூருக்கும் அலைந்தோம். ஒரு தகவலும் இல்லை.

சந்தை வாசலில் டீக்கடை வைத்திருந்தவர் ஒரு நாள் அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார். “செவுத்த முடிச்சிட்டு எங்கடையிலதான் டீ குடிச்சாருங்க. செவுத்தயே பாத்துக்கினு இருந்தாரு. எங்க அண்ணன் வந்து பாத்தா அதுக்குத் தெரியும்னு சொன்னாரு. வேற ஒண்ணும் சொல்லலிங்க.”

அப்பா அப்போதுதான் முதல் முறையாக அந்தச் சுவருக்கு நேரே போய் நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். மலைக்கோடியிலிருந்து சந்தைக்கோடி வரை நடந்தார். திரும்பவும் மலைக்கோடிக்குப் போனார். என் தோளைப் பிடித்தார்.

“டேய், வெரலைப் பாருடா. பேசிட்டுப் போயிருக்கான்டா.”

பார்த்தேன். படத்தில் யாருடைய கையும் முழுதாக விரிந்திருக்கவில்லை. ஒருத்தன் கையில் மூன்று விரல் நீண்டிருந்தது. கோல் பிடித்தவன் கையில் இரண்டு. கூடைக்காரி கையில் ஒன்றுதான் தெரிந்தது. அடுத்தவனுக்கு மறுபடி மூன்று. வேறு யாராவது பார்த்திருந்தால் வரைந்தவனுக்குக் கை வரைய வராது என்று போயிருப்பார்கள். ஆயுசு முழுதும் விரலை விலையாக மட்டுமே படித்த மனிதர் என்ன செய்வார்? எண்ண ஆரம்பித்தார். எழுதத் தெரியாதே, அதனால் ஒரு மாட்டுக் கயிற்றை எடுத்து, சுவரில் இருந்த வரிசைப்படி முடிச்சுப் போட்டுக்கொண்டே போனார்.

கூட்டாளித் தரகருக்கு மட்டும் ஒரு சந்தேகம் இருந்தது. “எல்லாம் இடக்கையா கீதேப்பா. இடக்கையில எவன் பேரம் பேசுவான்?”

“சந்தையப் பாத்து நடந்து வர்ற ஆளைப் பக்கவாட்டுல வரைஞ்சா அந்தக் கைதான தெரியும்? இதுகூடத் தெரியல, நீயெல்லாம் தரகன்” என்று அப்பா அவர் வாயை அடைத்துவிட்டார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

அன்றைக்குப் பிடித்தது சனி. முதலில் அந்த எண்களை பஸ் நம்பர் என்றார். அப்படி நம்பர் போட்ட பஸ்ஸெல்லாம் எந்த டிப்போ வழியாகப் போகிறது என்று என்னை விசாரிக்க வைத்தார். பிறகு நிலத்தின் சர்வே நம்பர் என்றார். பிறகு வலமிருந்து இடமாகப் படிக்கக் கூடாது, சந்தைக்கோடியிலிருந்து மலைக்குப் போகிறபடி படிக்க வேண்டும் என்று முடிச்சையெல்லாம் அவிழ்த்துத் திரும்பப் போட்டார். உரக்கடையில் மூட்டை எண்ணிவிட்டு வீட்டுக்கு வந்தால் இங்கே கயிற்றில் முடிச்சு எண்ண வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. பெயிண்டர் ஏதோ கணக்கு ஒளித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று பேச்சுப் பரவியது. அது லாட்டரி நம்பர் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவர் முன்னால் நின்று விரல் எண்ணுவார்கள். ஜோசியம் தெரிந்த ஒருத்தர் பன்னிரண்டு ஆட்களைப் பன்னிரண்டு ராசியாக்கி, பலாப்பழக்காரன்மேல் சனியை உட்கார வைத்தார். மலைமேல் புதையல் என்று கடப்பாரையோடு போனவர்களும் உண்டு. சித்தப்பா எங்கே என்று கேட்க ஆளில்லை, அவர் வைத்த எண்ணுக்கு மட்டும் அத்தனை பேர். அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் கல்லெடுத்து எறியலாமா என்றிருக்கும்.

ஆனால் எங்களுக்கு அது விளையாட்டில்லை. சித்தியின் அண்ணன் தம்பிகள் வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். “இருக்காரா இல்லியான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா. இல்லேன்னா செய்யற சடங்கைச் செஞ்சிட்டு எங்க பொண்ண நாங்க கூட்டிக்கினு போறோம். தாலியோட தனியா எத்தினி நாளைக்கு ஒக்காந்துக்கினு இருப்பா?”

“கணக்கு முடியட்டும்” என்றார் அப்பா. “உயிரோட கீறான். எங்க கீறான்னுதான் சொல்லியிருக்கான். நான் கண்டுபுடிக்கிறேன்.”

கதவுக்குப் பின்னாலிருந்து சித்தி என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள். “மாமாவே சொல்லும்போது நான் எங்கியும் வரலன்னு சொல்லிடுப்பா.” அவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து அவள் வாழ்வு அந்தக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. தினமும் பொட்டு வைத்துக்கொள்வாள். சித்தப்பாவுக்கும் சேர்த்து ஒரு பிடி அரிசி கூடப் போடுவாள்.

ஐப்பசி மழையில் ஒரு தரம் நானும் அப்பாவும் மலைக்குப் போனோம். எண்கள் கிலோமீட்டர் கல்லைக் குறிக்கின்றன என்பது அவருடைய அப்போதைய முடிவு. கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்குப் போகிற பாதையில் பாதியிலேயே பஸ்ஸை விட்டு இறங்கி, கல் கல்லாகப் பார்த்துக்கொண்டு நடந்தோம். மரவள்ளிக் கொல்லை முழுக்கத் தண்ணீர். பார்க்கிற ஆட்களிடமெல்லாம் படம் போடுகிற ஆள் இந்தப் பக்கம் வந்தாரா என்று கேட்டோம். ஒரு ஊரில் ரேஷன் கடைச் சுவரில் புதிதாக எழுத்து எழுதியிருந்தது. அப்பா போய் அந்த எழுத்தைத் தடவிப் பார்த்தார். எழுதினவரைத் தேடிப் போனால் அது கரியாலூர்க்காரர், குள்ளமாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, எங்களுக்குக் காப்பியெல்லாம் கொடுத்தார். அப்பா அதைக் குடிக்கவில்லை. ரோட்டோரம் ஒரு கல்லில் உட்கார்ந்து அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான்.

“போதும்பா, வூட்டுக்குப் போலாம்” என்றேன்.

“எனக்குத் தெரியும்னு சொல்லியிருக்கான்டா. எனக்குத் தெரியலியே. இன்னாடா சொல்ல வந்தான்?”

வீட்டுக்கு வந்ததும் கதவுக்குப் பின்னாலிருந்து சித்தி கேட்டாள். “இன்னாச்சின்னு கேளுப்பா.” அப்பா என்னைப் பார்த்து, “முடிச்சு ஒண்ணு தப்பாப் போட்டுட்டேன், சரி பண்ணிடுவேன்னு சொல்லு” என்றார். நான் அதைச் சொல்லாமல் ஈரத் துண்டைப் பிழியப் போய்விட்டேன். அவளுக்குத்தான் கேட்டிருக்குமே.

இப்படியே வருஷங்கள் போயின. ஊர் மறந்துவிட்டது. லாட்டரிக் கூட்டம் கலைந்தது. மழையில் மலை வெளுத்தது, சந்தைக்கோடியில் கட்சிக்காரர்கள் சின்னம் எழுதினார்கள், அப்பா அவர்களோடு சண்டைக்குப் போனார். தரகும் போய்விட்டது. பேரம் பேச வருகிறவன் கையைப் பிடித்துக்கொண்டே சுவரைப் பார்ப்பவரிடம் யார் மாடு வாங்குவார்கள்? எனக்குக் கல்யாணமாகி என் மனைவியும் அந்த வீட்டுக்கு வந்து, அந்தக் கயிற்றை உத்தரத்தில் தொங்கவிட இடம் ஒதுக்கிக் கொடுத்தாள்.

ஒரு மார்கழியில் மார்ச்சளி கண்டு படுத்தார். எழுந்திருக்கவில்லை. கடைசி நாட்களில் பேச்சு நின்றுவிட்டது. போர்வைக்குள்ளே என் கையை இழுத்து வைத்துக்கொண்டு விரல்களைப் பிடிப்பார். மூன்று. இரண்டு. ஒன்று. மூன்று. என் முகத்தைப் பார்ப்பார். நான் தரகன் இல்லையே, என்ன பதில் பிடிப்பேன்? தலையை மட்டும் ஆட்டினேன்.

செத்த அன்றைக்குக் குளிப்பாட்டிக் கிடத்திய பிறகு, இரண்டு கைகளையும் நெஞ்சின்மேல் சேர்த்துக் கட்டைவிரல்களைத் துணியால் கட்டச் சொன்னார்கள். வலக்கை படிந்தது. இடக்கை படியவில்லை. மோதிரவிரலும் சுண்டுவிரலும் உள்ளங்கைக்குள் மடங்கியே கிடந்தன. நீட்டிப் பார்த்தேன், நீளவில்லை. பிறந்ததிலிருந்து என் கண்ணெதிரே இருந்த கை. அதை நான் பார்த்ததே இல்லை. எப்போதும் கயிற்றிலோ தோள்துண்டின் நுனியிலோதான் இருக்கும். உயிரோடு இருந்தவரை என் கண்ணில் பட்டது அதன் கோணல் மட்டும்தான்.

வாய்க்கரிசி போட சித்தி வந்தாள். அவர் முன்னால் அவள் வந்து நின்றது அதுதான் முதல் தடவை. அரிசியைப் போட்டுவிட்டு நகர்ந்தவள் நின்றாள். குனிந்து அந்த இடக்கையைத் தொட்டாள். மடங்கிய விரல்களைத் தடவினாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள். ஏதோ கேட்க வந்தவள் மாதிரி இருந்தது. அதற்குள் தூக்கிவிட்டார்கள்.

சுடுகாட்டுக்குப் போகிற வழி சந்தையைத் தாண்டித்தான். கொள்ளிச் சட்டியோடு முன்னால் நடந்தேன். சுவர் வந்ததும் என்னையறியாமல் திரும்பிப் பார்த்தேன். பலாப்பழக்காரன் கை. கூடைக்காரி கை. மாடு ஓட்டுகிறவன் கை. நீண்ட விரல் ஒன்றோ இரண்டோ மூன்றோ, பிடித்திருக்கும் பொருளுக்குத் தக்கபடி மாறியது. மடங்கிய அந்த இரண்டு விரல் மட்டும் எந்தக் கையிலும் மாறவில்லை. ஆண், பெண், கிழவன் எல்லோருக்கும் எங்கள் அப்பாவின் இடக்கையைத்தான் வரைந்து வைத்திருந்தார் சித்தப்பா. நாங்கள் இத்தனை வருஷம் நீண்ட விரலையே எண்ணிக்கொண்டிருந்தோம். விரல் மறக்காதாம். தன் கையே அப்பாவுக்குத் தெரியவில்லை. கொள்ளிச் சட்டியோடு அங்கேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் நடப்பா நடப்பா என்றார்கள்.

திரும்பி வந்து சித்தியிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

“தொட்டப்பவே தெரிஞ்சிது” என்றாள். “சின்னதுல உங்க சித்தப்பா மாட்டுக் கயித்த இடுப்புல கட்டிக்கினு வெளயாடினாராம். மாடு மெரண்டு இழுத்துக்கினு ஓடிச்சாம். மாமா ஓடிப்போயி இந்தக் கையில சுத்திப் புடிச்சி நிறுத்தினாராம். வெரல் ரெண்டும் போச்சு, நான் பொழச்சேன்னு அவரு சொல்லியிருக்காரு. நான் மாமா கையப் பாத்ததே இல்ல. எப்படிப் பாப்பேன்?”

“அப்ப காப்பாத்தின கைன்னு வரைஞ்சாரா சித்தி? இல்ல அடிச்ச கைன்னா?”

“ரெண்டும் ஒரே கைதானப்பா. எப்படிப் பிரிச்சி வரைவாரு?”

கலைந்த தலைமுடியை அள்ளி முடிந்தாள். பிறகு, “எங்க போறேன்னு ஒண்ணும் இல்லியா அதுல?” என்று கேட்டாள்.

“இல்ல சித்தி.”

“உங்கப்பா செத்த இன்னிக்காவது வருவாருன்னு பாத்தேன்” என்றாள். “அண்ணனுக்கு அம்மாம் பெரிய செவுரு. எங்கிட்ட பெயிண்டு வாங்கப் போறேன்னுதான் சொன்னாரு. நானும் மலை ஓரத்துலேர்ந்து கடசி வரிக்கும் எத்தினி வாட்டி தேடியிருக்கேன் தெரியுமா? மூஞ்சி ஒண்ணாவது என் மூஞ்சியா இருக்குமான்னு. எங்கியும் இல்ல.”

அவள் அப்படித் தேடியிருக்கிறாள் என்பதே எனக்குத் தெரியாது.

“பதினாறாம் நாளு காரியத்த அவருக்கும் சேத்துப் பண்ணிடு” என்றாள்.

பதினாறாம் நாள் கோமுகி ஆற்றில் இரண்டு பேருக்குச் செய்தோம். சித்தப்பாவுக்கு உடல் இல்லாததால் வைக்கோலில் ஒரு உருவம் கட்டி, துணி சுற்றிக் கொளுத்தினோம். அப்பாவின் முடிச்சுக் கயிற்றையும் அதிலேயே போட்டேன். ஆற்றில் முங்கும்போது நனைந்திருந்ததால் எரிய நேரமாயிற்று. வீட்டுக்கு வந்தபோது சித்தி எங்கள் வீட்டு நடுக்கூடத்தில், அப்பா உட்காருகிற இடத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். பொட்டை அழிக்க வந்த கிழவிகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஈரத் தலைப்பால் தானே அதைத் துடைத்துக்கொண்டாள். அன்றைக்கு அரிசி அளக்கும்போது கூடப் போட்ட ஒரு பிடியை எடுத்துத் திரும்ப அரிசிப் பானையில் போட்டாள்.